தலைக்கு மேல் 786

786
மாயவரம்
4.7.2002

இல்லை, ஒன்றையும் விடவில்லை. சிவப்பு மையில் நீங்கள் எழுதி அனுப்பிய அத்தனை சொற்களையும் அதே வரிசையில் அடித்தேன். பிறகும் கம்ப்யூட்டரில் தேடினால் நம் கடை வரவில்லை.

மச்சான், அஸ்ஸலாமு அலைக்கும். இதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

மணிக்கூண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் துரைராசு கூடவே நின்று சரிபார்த்தார். 'கலந்தர் மளிகை' என்று கடைப் பெயரை அடித்தால் நம் பக்கம் வந்துவிடுகிறது. ஆனால் பெயர் தெரிந்தவர் ஏன் தேட வேண்டும்? 'நோன்புக் கஞ்சி' என்று ஆங்கில எழுத்தில் அடித்தால் ஜப்பான் எழுத்துகளைப் பற்றிய பக்கங்கள் கொட்டுகின்றன. அவர்கள் ஊரில் எழுத்துக்குக் 'கஞ்சி' என்று பெயராம். "ஜப்பான்காரன் முன்னாடி மாயவரம் எப்படிங்க நிக்கும்?" என்றார் துரைராசு. நாம் ஒன்பதாவது பக்கத்தில் இருந்தோம்.

மெட்டா டேக் என்கிறீர்கள். பக்கத்தின் தலையில் எழுத வேண்டும். பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. தேடுகிற மெஷின் மட்டும் படிக்கும், படித்து நம்மை மேலே தூக்கும். எனக்குப் புரியவில்லை. எம்.ஏ.வில் இப்படி ஒரு எழுத்தை யாரும் பாடம் நடத்தவில்லை. மனிதர்களுக்கு மறைத்து, மெஷினுக்கு எழுதுவது. அது படித்தது என்று எப்படித் தெரியும்?

நோன்பு மாதத்தில் ஒரு நாள் கஞ்சியைத் தன் பெயரில் ஊர்ப் பள்ளிவாசலில் காய்ச்ச வேண்டும் என்று வெளிநாட்டில் இருக்கிற எல்லோருக்கும் ஆசை இருக்கும், பள்ளியையும் நாளையும் அவர்கள் கம்ப்யூட்டரில் சொன்னால் அரிசி பருப்பிலிருந்து நாமே பார்த்துக்கொள்ளலாம், அப்போது கடை இரண்டு ஆம்பளைகளைத் தாங்கும் என்கிறீர்கள். சரிதான். ஆனால் 'முதல் பத்துக்குள் நம் கடை வந்தால் விசாவைப் புதுப்பிக்காமல் ஊருக்கு வந்துவிடுகிறேன்' என்ற வாக்கியத்தை மட்டும் நான் மாமிக்கு வாசிக்கவில்லை. மாமிக்குப் படிக்கத் தெரியாதது எனக்கு வசதி.

ஆற்றில் தண்ணீர் வரவில்லை. குறுவை கிடையாது என்கிறார்கள். கடையில் பேச்சு முழுக்க மேட்டூர்தான்.

சுமையா


786
ஷார்ஜா
19.7.2002

அன்புள்ள சுமையாவுக்கு, சுஹைப் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நலம், நலமறிய ஆவல். அத்தாவுக்கும் அம்மாவுக்கும் என் சலாம்.

நிற்க. உன் கடிதம் கிடைத்தது. தப்பு எங்கே என்று தெரிந்துவிட்டது. ஊர்ப் பெயர். நீ மயிலாடுதுறை என்று போட்டிருக்கிறாய். இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. மாயவரம் என்பார்கள். வயசானவர்கள் மாயூரம் என்பார்கள். மூன்றையும் போடு. நீடூர், வடகரை, அரங்கக்குடி, கிளியனூர் எல்லாம் சேர்த்துக்கொள்.

தலையில் இரண்டு வரி உண்டு. முதல் வரியில் தேடுகிற சொற்கள். இரண்டாவது வரியில் விவரம், அதாவது கடை என்ன செய்கிறது என்று இரண்டு வாக்கியம். அதை நல்ல இங்கிலீஷில் எழுது. நீ படித்தவள்.

நான் வேலை பார்க்கும் ஸ்டேஷனரி கடையில் மத்தியானம் கூட்டம் இல்லாதபோது மேனேஜர் தூங்குவார். அப்போதுதான் நெட் பார்க்க முடிகிறது. ஈமெயில் போடாதே. கடைக்கு ஒரே முகவரி. மேனேஜர்தான் திறப்பார்.

நிற்க. விசா டிசம்பரில் முடிகிறது. முதலாளி இப்போதே கேட்கிறார். முத்திரை குத்தினால் மூன்று வருடம். நவம்பர் நடுவில் பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டும். அதற்குள் கடை முதல் பத்துக்குள் வருகிறதா என்று பார்ப்போம்.

வெள்ளிக்கிழமை போனில் உன் குரல் சரியாகக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
சுஹைப்


786
மாயவரம்
5.8.2002

மச்சான், அஸ்ஸலாமு அலைக்கும்.

குரல் கேட்காது. போன் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் மாமாவிடம் பேசுகிறீர்கள், மாமியிடம் பேசுகிறீர்கள். பிறகு என் கைக்கு வருகிறது. கால் கிலோ உளுந்துக்கு நிற்கிற அம்மாள்கூட என் வாயைத்தான் பார்க்கிறார். "நல்லா இருக்கியா?" "நல்லா இருக்கேன்." வேறென்ன பேசுவது?

உங்கள் கடிதத்தை வாசித்தேன். ஊர்ப் பெயர்கள் வந்த இடத்தில் மாமி நிறுத்தச் சொன்னார். "மாயவரம், மாயூரம், மயிலாடுதுறை, நீடூர், வடகரை... என்னடி இது, புருஷன் கடுதாசியா, பஸ் கண்டக்டர் கூவுறதா?" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. 'அம்மாவின் கால்வலி எப்படி இருக்கிறது' என்று நானே ஒரு வரி சேர்த்து வாசித்தேன். மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த கடிதத்தில் அதை விசாரித்து எழுதுங்கள். இல்லாவிட்டால் மாட்டிக்கொள்வேன்.

கடைசியில் ஒரு வரியை எழுதிவிட்டு அடித்திருக்கிறீர்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மை கெட்டியாக இருக்கிறது.

வேலைக்கு வருகிறேன். மூன்று பெயர்களையும் போட்டேன். ஊர்களைச் சேர்த்தேன். விவரம் எழுதினேன், நல்ல இங்கிலீஷில். மூன்று நாள் பார்த்தேன். அசையவில்லை. "அழுத்திச் சொன்னாதாங்க மெஷினுக்குக் கேக்கும்" என்று துரைராசு சொன்னார். மாயவரத்தை முப்பது தடவை அடித்தேன். இப்போது ஒன்பதாவது பக்கத்திலும் நம்மைக் காணோம்.

என்னால் முடிந்த எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. மாமா சொன்னபடி 786 கூடப் போட்டிருக்கிறேன். நம் கடையிலிருந்து போகிற எந்தத் தாளும் பிஸ்மில்லாவின் எண் இல்லாமல் தொடங்கக் கூடாது என்றார். "எங்கே மாமா போடுறது?" என்று கேட்டேன். "இதென்ன கேள்வி? எல்லாத்துக்கும் மேலதான். அல்லாஹ்வோட பரக்கத்து மேலேருந்துதானே எறங்கும்." ஃபைலின் முதல் வரியில் 786. அதற்குக் கீழேதான் நீங்கள் சொன்ன தலையும் உடம்பும்.

மெஷின் படிக்கிறதா இல்லையா? யாரைக் கேட்பது?

சுமையா


786
ஷார்ஜா
24.8.2002

அன்புள்ள சுமையாவுக்கு, சுஹைப் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அம்மாவின் கால்வலி எப்படி இருக்கிறது? தைலம் அனுப்புகிறேன்.

நிற்க. முப்பது தடவை போடச் சொல்லி நான் எழுதவில்லை. அப்படி அடுக்கினால் ஏமாற்று வேலை என்று மெஷின் தள்ளி வைத்துவிடும். இதை எங்கள் ரூமில் இருக்கும் ஜெயபால் சொன்னான். பூம்புகார்ப் பையன். அவன் அப்பா கடலுக்குப் போகிறவர். இவன் இங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். இப்போதெல்லாம் அந்தச் சொற்கள் வரியை யாரும் மதிப்பதே இல்லை என்கிறான். மற்றவர்கள் தங்கள் பக்கத்திலிருந்து நம்மைக் கை காட்ட வேண்டுமாம். பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிற எழுத்துதான் முக்கியமாம். கடையில் பழைய கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்று கிடந்தது. அதில் மெட்டா டேக்தான் எல்லாம் என்று போட்டிருக்கிறது. எதை நம்புவது என்று எனக்கும் தெரியவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஒன்பதாவது பக்கத்தில் இருந்ததும் போய்விட்டது. இவ்வளவு படித்தவள் முப்பது தடவை ஒரே சொல்லை அடிப்பாளா? நான் வர வேண்டும் என்று உனக்கு இருக்கிறதா, இல்லையா? கல்யாணமாகி ஒன்றரை மாதம் ஒரு வீட்டில் இருந்தோம். அதை வைத்து எனக்கு எதுவும் பிடிபடவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது. முத்திரை குத்திவிடுகிறேன்.

இதை அம்மாவுக்கு வாசிக்காதே.

சுஹைப்


786
மாயவரம்
8.9.2002

வேண்டுமென்று செய்யவில்லை.

இதைத் தவிர என்ன எழுதுவது என்று நாலைந்து நாள் யோசித்தேன். என்னிடம் நீங்கள் கேட்டது இப்போதுதான். முதலில் மெஷினைக் கேட்டீர்கள். அது எங்களைப் பத்துக்குள் போட்டால் வருவீர்கள், போடாவிட்டால் மாட்டீர்கள். அதில் நான் எங்கே இருக்கிறேன்? உளுந்து வாங்க வந்த அம்மாள் இருக்கிற இடத்தில்.

பிறகு 'வேண்டாம் என்றால் எழுது' என்கிறீர்கள். வேண்டும் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதவில்லை.

உங்கள் முகத்தைப் பற்றி ஒன்று எழுத ஆரம்பித்தேன். வேண்டாம்.

முப்பது மாயவரத்தையும் அழித்துவிட்டு ஒன்று மட்டும் வைத்திருக்கிறேன். அன்றைக்கு இருந்த கோபத்தில் துரைராசு டீ குடிக்கப் போன நேரத்தில் இன்னொரு காரியமும் செய்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. யாருக்கும் தெரியப்போவதில்லை.

மாமியிடம் தைலம் வருகிறது என்று சொன்னேன். நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டார்.

சுமையா


786
ஷார்ஜா
2.10.2002

அன்புள்ள சுமையாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. எழுதினேன். கிழித்தேன். வெள்ளிக்கிழமை போனில் கேட்கலாம் என்று நினைத்தேன். பின்னால் யாரோ துவரம்பருப்பு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நிற்க. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

ஜெயபாலிடம் நம் பக்கத்தைப் பார்க்கச் சொன்னேன். அவன் ரூமிலேயே கம்ப்யூட்டர் வைத்திருக்கிறான். உள்ளே திறந்து ரொம்ப நேரம் பார்த்தான். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அண்ணே, தலைக்கு மேல ஏதோ ஒக்காந்திருக்குண்ணே" என்றான். என்னடா என்றேன். "786. தலை தொடங்குறதுக்கு முன்னாடியே எழுத்து வந்துட்டா மெஷினு ஒடம்பு ஆரம்பிச்சுட்டதா நெனச்சுக்கும். அதுக்குக் கீழ நீங்க தலைன்னு என்ன எழுதினாலும் அது தலை இல்ல. அண்ணி எழுதின ரெண்டு வரியையும் இதுவரைக்கும் அது படிச்சிருக்காது" என்றான்.

ஆக, மூன்று மாதமாக நீ எழுதியது எதுவும் போய்ச் சேரவில்லை. உன் மேல் தப்பில்லை. நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது.

786-ஐ எடுத்து உடம்புக்குள் முதல் வரியாக வைக்கச் சொன்னான். மற்றதில் கை வைக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றான். இதை இரண்டு தடவை சொன்னான். அத்தாவிடம் பக்குவமாகச் சொல்.

சுஹைப்


786
மாயவரம்
16.10.2002

மச்சான், அஸ்ஸலாமு அலைக்கும்.

மாமாவிடம் சொன்னேன். "கீழ எறக்கணுமா? எத்தனை?" என்றார், ஏதோ பரண் மேலிருந்து மூட்டையை இறக்குவது போல. நாலு வரி என்றேன். "நாலு வரிக்கு மேல என்ன இருக்கும்?" "கண்ணுக்குத் தெரியாத எழுத்து மாமா." "கண்ணுக்குத் தெரியாதது 786-க்கு மேல இருக்கலாமா?" மாமி அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தார்: "கண்ணுக்குத் தெரியலைன்னா இல்லாத மாதிரிதானே. தெரியறதுல 786 முதல்ல இருந்தா போதாதா?" மாமா தாடியைத் தடவிக்கொண்டார். பிறகு சரி என்றார், பெரிய எழுத்தில் நடுவில் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

போட்டேன். ஃப்ளாப்பியில் எடுத்துப் போய் ஏற்றினேன். மற்றதைத் தொடவில்லை. நீங்கள் சொன்னபடி.

ஜெயபால் உள்ளே திறந்து ரொம்ப நேரம் பார்த்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன பார்த்தான்? அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லையா?

ஏற்றிய பிறகு சாலையில் நின்றுகொண்டிருந்தேன். திரும்பிப் போய் இன்னொன்றை மாற்ற வேண்டும் என்று தோன்றியது. பஸ் வந்தது. ஏறிவிட்டேன். ஏன் ஏறினேன் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன்.

சுமையா


786
ஷார்ஜா
1.11.2002

சுமையா,

நேற்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கபீர் அண்ணன், அவர்தான் எங்கள் ரூமில் மூத்தவர், அஹமது கபீர், திருவிடைமருதூர் பக்கம், தன் ஊர்ப் பள்ளிக்கு ஒரு நாள் கஞ்சி சொல்ல வேண்டும் என்றார். ஜெயபாலின் கம்ப்யூட்டரில் கடைப் பெயரை அடித்தார். நம் கடை வந்தது. பெயருக்குக் கீழே சின்ன இங்கிலீஷ் எழுத்தில் இரண்டு வரித் தமிழ் வந்தது. கடை என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டிய இடம். கபீர் அண்ணனுக்கு இங்கிலீஷ் எழுத்து மெதுவாகத்தான் வரும். விரலை வைத்துச் சத்தமாகக் கூட்டிப் படித்தார்:

மச்சான், பத்தாவது இடமோ நூறாவது இடமோ, வந்துடுங்க. உங்க முகம் எனக்கு மறந்துகிட்டே வருது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. விளம்பரம் என்று நினைத்தார்கள். அப்புறம் எங்கள் ரூமில் இருக்கும் ஆஸிம் ஆரம்பித்தான். "மாப்ள, ஒங்க கடையில புருஷனும் சப்ளை உண்டா?" கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தார்கள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கெட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கபீர் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை படித்தார். "எனக்கு இப்படி யாரும் எழுதினதில்லப்பா" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஜெயபாலைப் பிடித்தேன். அவனுக்கு முன்பே தெரியும். "அண்ணி எழுதினத நான் எப்படிண்ணே ஒங்ககிட்ட சொல்றது? 786-ஐ நகர்த்தினா அதுவா வெளிய வரும்னு விட்டுட்டேன்" என்கிறான்.

'நோன்புக் கஞ்சி' என்று தேடினேன். ஜப்பான்காரர்கள் அப்படியே இருக்கிறார்கள். நாம் மறுபடி ஒன்பதாவது பக்கத்தில்.

அந்த வரியை நீ எனக்கு எழுதினாயா, யாரும் படிக்கமாட்டார்கள் என்பதால் எழுதினாயா? அது எனக்குத் தெரிய வேண்டும். பத்துக்குள் வந்தால் என்று நான் எழுதியது, கூப்பிடாத வீட்டுக்கு எப்படி வருவது என்று தெரியாததால். ஜூலைக் கடிதத்தில் அடித்த வரி என்ன தெரியுமா? 'நான் வந்தால் உனக்குச் சரியா?'

பதினாறாம் தேதி சனிக்கிழமை பாஸ்போர்ட்டைக் கொடுக்க வேண்டும். அதுவரை வெள்ளிக்கிழமைகளில் நான் கூப்பிடப்போவதில்லை. கூப்பிட்டால் நல்லா இருக்கேன் என்பாய். நீ சொல். வா என்றால் கொடுக்கமாட்டேன்.

சுஹைப்


786
மாயவரம்
14.11.2002

உங்கள் கடிதம் இன்றுதான் வந்தது. பதினாறு என்பது நாளை மறுநாள்.

இங்கே எல்லோருக்கும் தெரியும். நோன்பு பிறந்த வாரமே அபுதாபியிலிருந்து ஒருவர் கடைக்குப் போன் செய்து அரங்கக்குடிப் பள்ளிக்கு ஒரு நாள் கஞ்சி சொன்னார். சொல்லிவிட்டு, "மருமகப் பொண்ணு எழுதியிருந்ததப் பாத்தோம் பாய், மகன வரச் சொல்லுங்க" என்றாராம். அன்றைக்கு மாலையிலிருந்து மாமா என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. மறுநாள் குவைத். அதற்கு மறுநாள் மஸ்கட். யாரும் 'நோன்புக் கஞ்சி' என்று தேடி வரவில்லை. ஒருவர் சொல்லி மற்றவர், கடைப் பெயரை அடித்து அந்த வரியைப் பார்க்க வந்தவர்கள். வந்ததற்கு ஒரு நாள் கஞ்சியும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். மெட்டா டேக் உதவியதா என்று கேட்டால் என்ன சொல்வேன்? துரைராசு சொன்னார்: "அது மேல ஏத்தாதுங்க. ஆனா பேருக்குக் கீழ போர்டு மாதிரி நிக்கும். யாராச்சும் வந்தா அதத்தான் மொதல்ல படிப்பான்." இதை அவர் ஜூலையில் சொல்லியிருக்கலாம்.

மாமி நோன்பு திறந்த பிறகு கேட்டார். "இதுக்கு எதுக்குடி கம்ப்யூட்டர்? போன்ல சொல்லக் கூடாதா?"

"போன் கடையில இருக்கு மாமி."

"நீ எழுதினது இப்ப மட்டும் எங்க இருக்காம், அடுக்களையிலயா? அபுதாபி வரைக்கும் தெரிஞ்சாச்சு. உளுந்து வாங்க வர்றவளுக்குத் தெரிஞ்சா என்ன?"

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். யாரும் படிக்கமாட்டார்கள் என்பதால்தான் எழுதினேன். அது முதல் நாள். பிறகு 786-ஐ நகர்த்தினால் மெஷின் படிக்கும் என்று நீங்கள் எழுதினீர்கள். தெரிந்துதான் நகர்த்தினேன். அந்த வரி அங்கே இருப்பது மறந்துவிட்டதா, மறக்காமல் விட்டுவைத்தேனா? ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி தோன்றுகிறது. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிக் குழப்பம் என்றால் அதை என்னவென்று சொல்வது?

உங்கள் மூக்கு நினைவிருக்கிறது. கண் இல்லை. கல்யாண போட்டோவில் நீங்கள் கீழே பார்க்கிறீர்கள்.

எனக்குச் சரியா என்று கேட்டு அடித்தீர்களே, அதற்கு

இதை இப்போது தபாலில் போட்டால் உங்கள் கைக்கு வர பத்து நாளாவது ஆகும். அதற்குள்

(இந்தக் கடிதம் முடிக்கப்படவில்லை, அனுப்பப்படவும் இல்லை. சுமையா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள். நோன்பு திறக்கச் சாமான் வாங்க வந்தவர்கள் நின்றிருந்தார்கள். கல்லாவில் இருந்த மாமனார் கலந்தரிடம், "மாமா, போன் வேணும், ஷார்ஜாவுக்கு" என்றாள். அவர் எழுந்து இடம் விட்டார். அவள் அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து, கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே எண்களை அழுத்தினாள். ஸ்டேஷனரி கடையின் மேனேஜர் எடுத்தார். சுஹைபைக் கூப்பிடச் சொன்னாள். அவன் வந்ததும், வழக்கத்தைவிடச் சத்தமாக, "வந்துடுங்க மச்சான்" என்றாள்.)